சாம்பிராணி மணக்கும் சோழி

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மல்லிகா சாப்பாட்டு மேசையில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கடையில் வாங்கியதல்ல. அவளே தைத்தது. பழைய சாரோங் கைலியை வெட்டி அட்டை, உள்ளே வெள்ளைத் துணிப் பக்கங்கள், முதுகில் மெழுகு தடவிய நூல். பினாங்குக்குப் போய்வந்தோமே... அந்த லீவுக்கான ஜர்னல்.

பினாங்கு உங்களுக்குத் தெரியும். இதே வாரப் பத்தியில்தான் எழுதினேன். பத்து பெரிங்கி என்னும் கடற்கரையில் சூரியன் மறைந்ததை, என் மனசு கரைந்ததை... நிறையப் பேர் பாராட்டினீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மல்லிகாவின் பக்கங்களில் சூரியனே இல்லை. ஃபெர்ரி டிக்கெட், நசுங்கிய சோடா மூடி, கடல் தேய்த்து மழுங்கிய பச்சைக் கண்ணாடித் துண்டு, ஹோட்டல் வாசலில் உதிர்ந்து கிடந்த ஒரு காய். ஒவ்வொன்றையும் துணியோடு சேர்த்துத் தைத்து, கீழே நீல நூலில் 'கிடைத்த இடம்' என்று எம்பிராய்டரி போட்டிருந்தாள். சோடா மூடிக்கு: பஸ் ஸ்டாப், மழைக்கு ஒதுங்கியபோது.

மழை பெய்ததா? எனக்கு ஞாபகமே இல்லை.

கடைசி இரண்டு பக்கங்கள் காலி. அவை எனக்காம்.

"நீங்க எடுத்துட்டு வந்தது ஏதாச்சும் குடுங்க, தைக்கிறேன். பேப்பர்ல எழுதினது வேணாம். அது எல்லாருக்கும் குடுத்தாச்சு" என்றாள்.

என்னிடம் என்ன இருக்கிறது? பயணப் பையைக் கொட்டிப் பார்த்தேன். போன் சார்ஜர், மாத்திரை அட்டை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சூரியன் மறைந்தபோது நான் ஹோட்டல் அறையில், ஏசியில், வாட்ஸ்அப்பில் யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தேன். மல்லிகா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவள் சொன்னதைத்தான் நான் பார்த்ததாக எழுதினேன்.

'ஒன்றுமில்லை' என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். வாய் வந்தால்தானே! மறுநாள் செம்பவாங்கில் ரயில் ஏறி, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவுக்குப் போனேன். ஒரு பூஜைச் சாமான் கடையில் ஜாடி நிறையச் சோழி. அழகான ஒன்றாகப் பொறுக்கினேன் – தைக்க வசதியாக, ஓட்டை போட்டதாகப் பார்த்து. அக்கறையாம்!

"பீச்ல கிடைச்சது. பையில போட்டு மறந்துட்டேன்" என்று நீட்டினேன்.

மல்லிகா உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும், அது கடற்கரையில் கிடைத்ததுதான் என்று ஒரு நிமிஷம் நானே நம்பினேன். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். கடல் வாசனைக்காக இருக்கும். மறுபடியும் ஒருமுறை முகர்ந்தாள்.

"பினாங்கு கடலுக்கு யாருங்க சாம்பிராணி போட்டது?"

வெள்ளிக்கிழமைதோறும் அவள் பூவும் கற்பூரமும் வாங்கும் கடை அது. அந்த வாசனை அவளுக்குத் தெரியாதா? எனக்குத்தான் அவள் எந்தக் கடைக்குப் போகிறாள் என்பதே தெரியவில்லை.

கத்தியிருந்தால் தேவலை. அழுதிருந்தால் சமாதானம் செய்யத் தெரியும், முப்பது வருஷப் பழக்கம். அவள் ஊசியில் நூல் கோத்தாள். என் பக்கத்தின் நடுவில் சோழியை வைத்துத் தைத்தாள். கீழே நீல நூலில், நிதானமாக, எழுத்தெழுத்தாக: கிடைத்த இடம் – தேக்கா.

தைத்துக்கொண்டே, டிசம்பர் லீவுக்குத் தன் அக்காவோடு போகப்போவதாகச் சொன்னாள். ரெண்டு பேர் மட்டும்தானாம். மார்க்கெட்டுக்குப் போய்வருகிறேன் என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு வந்தது வெட்கமா, பயமா... இரண்டும்தான்.

தைத்ததைப் பிரித்துவிடு என்று கெஞ்சினேன்.

"பிரிச்சா துணியில ஓட்டை தெரியும் லா. இருந்துட்டுப் போகட்டும்."

இன்னொரு பக்கம் காலியாகவே இருக்கிறது. அதில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. இனிமேல் கேட்பாள் என்றும் தோன்றவில்லை.

இந்த வாரம் எழுதியதில் ஒரு வரிகூடக் கடையில் வாங்கியதல்ல, மல்லிகா.