ஒரே தட்டில் சாப்பிட்டவள்

"உன்னைப் பாத்தா சைவம் மாதிரித் தெரியலையேம்மா."

டெல்லி கரோல் பாக்கில் அறை கேட்டுப் போன அன்று வீட்டுக்கார மாமி என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னது இது.

"நான் சைவம் இல்லை மாமி. ஆனா உங்க வீட்டுக்குள்ள கொண்டு வர மாட்டேன்" என்றேன். பொய் சொல்லி வாங்குகிற அறை எனக்கு வேண்டாம்.

அந்த அறையில் ஏற்கெனவே இருந்த பெண் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். "நல்ல பொண்ணு மாமி, நான் கேரண்டி" என்று அவள் சொன்ன பிறகுதான் மாமி சம்மதித்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்டுக் கேட்டுத்தான் டெல்லி வரை வந்திருந்தேன். ஹோட்டல் மெனுவிலும் அப்படித்தான். சனிக்கிழமைதோறும் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு தேசத்துச் சாப்பாட்டைத் தேடிப் போவேன். லஜ்பத் நகரில் ஆப்கானியர் கடை, மஜ்னு கா டீலாவில் திபெத்தியர் கடை. ஒருமுறை எத்தியோப்பியச் சாப்பாடு. அதன் ரொட்டி நன்றாகப் புளித்த ஆப்பம் போலிருந்தது.

அவள் சுத்த சைவக் குடும்பம். முதலில் ரொட்டியும் தயிர் ஊற்றிய கத்தரிக்காயும் மட்டும் சாப்பிட்டாள். மூன்றாவது சனிக்கிழமை அவள் கை என் தட்டுக்கு வந்தது. மந்து என்று ஆப்கானியர்கள் செய்வது; கொத்துக்கறியை மாவில் பொதிந்து ஆவியில் வேக வைத்திருந்தார்கள்.

"கொழுக்கட்டை மாதிரிதானே இருக்கு? உள்ள என்னன்னு இப்ப சொல்லாத. தின்னு முடிச்சப்புறம் சொல்லு."

முடித்ததும் சொன்னேன். இன்னொரு பிளேட் வரவழைத்தாள். திரும்பும் வழியில் மெட்ரோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்காத்துல தெரிஞ்சா தொலைஞ்சேன். சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?" என்றாள். மாட்டேன் என்றேன். அதன் பிறகு எல்லாக் கடையிலும் அவள்தான் முதலில் ஆர்டர் செய்தாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் இருந்தது. அவள் தனியாக லஜ்பத் நகர் போய்விட்டு, மிஞ்சிய கபாபைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்து மாமியின் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். மறுநாள் காலை மாமி அதை மேஜை மேல் போட்டார்.

"என்னம்மா இது?"

என்னைப் பார்த்து மட்டும்தான் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் கொண்டு வரல மாமி."

"பின்னே யாரு, இவளா?" மாமிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அவள் தலை நிமிரவில்லை. "நான் கேரண்டி குடுத்தேனே மாமி. எனக்கே கஷ்டமா இருக்கு."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அறை எனக்கு மிஞ்சியிருக்கும். மெட்ரோவில் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. இந்த மாதத்தோடு காலி பண்ணு என்றார் மாமி.

அறைக்குள் வந்ததும் அவள் அழுதாள். "நான்னு தெரிஞ்சா மாமி எங்கப்பாவுக்குப் போன் பண்ணிடுவா. உனக்கென்ன, நீ சாப்பிடறது உங்காத்துக்குத் தெரிஞ்சதுதானே? வேற ரூம் கிடைக்கும்."

கபாபை என் தலையில் கட்டியதைவிட அந்த 'உனக்கென்ன'தான் அதிகம் வலித்தது. ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் அவள் மனதுக்குள் என் இலையைத் தள்ளித்தான் போட்டிருந்தாள்.

மாதக் கடைசி வரை நான் இருக்கவில்லை. புதன்கிழமை ஹுமாயூன்பூரில் மூன்றாம் மாடியில் ஓர் அறை பார்த்தேன். வீட்டுக்காரர் எதையும் கேட்பதற்கு முன்பே, "கறி சாப்பிடுவேன், இங்கேயேதான் சமைப்பேன்" என்று ஹிந்தியில் சொன்னேன். "அச்சா" என்றவர், தண்ணீர் வரும் நேரத்தைச் சொன்னார். மறுநாள் அவள் வங்கிக்குப் போயிருந்தபோது பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினேன். சாவியை மாமியின் கையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.