பத்தில் ஒருவர்

அட்டைக் கேடயத்தில் பூசிய சிவப்புச் சாயம் காயாமல் விரல்களில் பிசுபிசுக்க, அந்தச் சாயத்தின் புளித்த வாசமும் அடுப்பில் அம்மா தாளித்த கடுகின் வாசமும் கலந்து எங்கள் மனோர் பார்க் வீட்டின் முன்னறையை நிறைத்திருந்த ஒரு மாலையிலிருந்துதான் எனக்கு அந்த நாட்கள் நினைவிருக்கின்றன.

எண்பதுகளின் கடைசி, எனக்கு ஒன்பது வயது. அந்தத் தவணை முழுக்கப் பள்ளியில் ரோமர்கள்தான்: செனட் சபை, ஆட்சிக்காகத் தளபதிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது, நாங்கள் குடியேறியிருந்த இந்தப் பிரித்தானியாவைப் பிடிக்க வந்த படைகள். நாங்கள் பஸ் ஏறும் ரொம்ஃபோர்ட் வீதி வழியாகத்தான் அந்தப் படைகள் கொல்செஸ்டர் பக்கம் அணிவகுத்துப் போயின என்று டீச்சர் சொன்னதிலிருந்து அந்த வீதியைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். தவணை முடிவில் பெற்றோருக்காக ஒரு "ரோமன் நாள்" வைத்தார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அன்று "ஷிப்ட்" என்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த பெரியம்மாவின் மகன் குகன் அண்ணை வருவதாக ஏற்பாடாயிற்று. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல், யன்னல் திரையை விலக்கி வீதியைப் பார்ப்பதும் மூடுவதுமாகவே அவருக்குப் பொழுது போனது. "தம்பி, ஆரோடையும் சண்டை கொழுவிப் போடாதை, கேஸ் பழுதாய்ப் போகும்" என்று அம்மா அவரிடம் அடிக்கடி சொல்லுவார்.

பள்ளி மண்டபத்தில் எங்களில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்திய டீச்சர், போரில் பின்வாங்கிய படைக்கு ரோமர்கள் கொடுத்த தண்டனையைப் பெற்றோருக்கு விளக்கினார். வீரர்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பத்திலும் சீட்டு விழுந்த ஒருவனை மற்ற ஒன்பது பேரும் தடியால் அடித்தே கொல்ல வேண்டும். பிறகு உறிஞ்சுகுழாய்த் துண்டுகள் போட்ட தொப்பியை நீட்டினார். குட்டைத் துண்டை எடுப்பவர்தான் அந்த ஒருவர். அது என் கையில் வந்தது. சுருட்டிய பத்திரிகைத் தாள்களை ஒன்பது பேரும் ஓங்க, பெற்றோர் சிரித்தார்கள். விளையாட்டென்று எனக்கும் தெரியும். ஆனாலும் என்னைச் சுற்றி வட்டம் நெருங்கியபோது அட்டைக் கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.

கதிரை ஒன்று சரிந்து விழுந்தது. குகன் அண்ணை நேரே வட்டத்துக்குள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "வா பிள்ளை, வீட்டை போவம்." குறுக்கே வந்த டீச்சரின் கையை அவர் தட்டிவிட்டதில் தொப்பி தரையில் விழுந்து உருண்டது. வீடு வரும்வரை அவர் பிடி தளரவில்லை.

"டீச்சரிலை கை வைச்சனியோ?" என்று, வேலை முடிந்து வந்து என்னிடம் நடந்ததை அறிந்த அம்மா அவரிடம் கேட்டார்.

"ஓம், சின்னம்மா."

அது வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் எங்கள் வீட்டில் யாரும் உரத்துக் கதைக்கவில்லை. தூரத்தில் பொலிஸ் வண்டியின் ஊளை கேட்டால் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். குகன் அண்ணை தன் பையை அடுக்கிப் படிக்கட்டின் கீழே வைத்துவிட்டு, வருவார்களானால் வரட்டும் என்பதுபோல் அதன் பக்கத்திலேயே இருந்தார்.

திங்கள் காலை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போனார். அம்மா சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. "ஊரிலை ஆமி பெடியளை இப்பிடித்தான் வரிசையிலை விட்டது எண்டு சொல்லு. முகமூடி போட்ட ஒருத்தன், 'தலையாட்டி', அவன் ஆரைப் பாத்துத் தலையாட்டினானோ அந்தப் பெடியனைக் கொண்டு போயிடுவினம். குகன்ரை தம்பியும் அப்பிடித்தான் போனவன். முகமூடிக்குள்ளை நிண்டது அவையளோடை ஒண்டாய்ப் படிச்ச பெடியன்."

நான் பாதியில் நின்றுவிட்டேன். குகன் அண்ணையின் தம்பி கொழும்பில் படிக்கிறார் என்றே எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். "சொல்லு பிள்ளை" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். சொன்னேன். 'தலையாட்டி' என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தெரியாமல் என் தலையையே ஆட்டிக் காட்டினேன். மூலையில் நின்ற டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொலிஸுக்குப் போவதில்லை, குகன் அண்ணை எப்போதும்போல் இங்கே வரலாம் என்று தலைமை ஆசிரியை சொன்னதை நான் தமிழில் சொல்லி முடிக்கு முன்பே அம்மா அழத் தொடங்கியிருந்தார். ஆனால் குகன் அண்ணை அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை. என்னைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் வீதியின் எதிர்ப்பக்கத்திலேயே நிற்பார்.

இன்று அந்தப் பள்ளி இல்லை. இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, குடியும் குடித்தனமுமாகிவிட்ட குகன் அண்ணை குட்மேய்ஸில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். அண்மையில் என் மகனும் ரோமர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, இத்தனை காலமும் கேட்காததை அவரிடம் கேட்டேன்: அன்று டீச்சர் மேல் அவ்வளவு கோபமா?

"அந்த டீச்சர்ப் பிள்ளையிலை எனக்கென்ன கோவம்" என்றார், கத்தரிக்காய்களைத் துடைத்து அடுக்கியபடி. "ஒன்பது பேரும் உன்னோடை படிச்ச பிள்ளையள். ஒராளாவது பேப்பரைக் கீழை போடுமெண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."