சயாமுக்கு ஆகாத கை

காஜா பேராங் என்ற கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், மாட்டுவண்டி ஓட்டிய பொன்னையாவை, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்த ஜப்பான்காரன் கையைப் பார்த்ததுமே வேண்டாமென்று தள்ளிவிட்டான். மார்ஃபின் போதை ஊசி குத்திக் குத்திப் புண்ணாகிப்போன கை அது. மனைவி கமலவேணி எவ்வளவோ அழுதும் அவன் ஊசியை விட்டதில்லை. இப்போது அந்தக் கையே அவன் உயிரைக் காப்பாற்றியதென்று கம்பம் முழுக்கப் பேச்சு.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அலமேலு தன் புருஷன் தம்பிராஜாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இவரு கையையும் ஒங்க கை மாதிரி ஆக்கிக் குடுங்க. சாயங்காலம் இவரக் கூப்புட்டிருக்கானுங்க."

பொன்னையாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சயாமுக்குப் போனவர் எவரும் திரும்பவில்லை. எலுமிச்சை முள்ளை ஒடித்துவந்து தம்பிராஜாவின் கையில் குத்தத் தொடங்கினான்.

"வலிக்குதுண்ணே. அப்படியே கொஞ்சம் மருந்தும் ஏத்துங்களேன். நீங்க சொகமாத்தானே இருக்கீங்க?" என்று இளித்தான் தம்பிராஜா.

பொன்னையா அவனை ஓங்கி அறைந்தான்.

"சொகமாடா? மாடு படுத்தா எழுப்பத் தெம்பில்ல. பெத்த புள்ளையத் தூக்க முடியல. ஜப்பான்காரனே வேணாம்னு தள்ளுன கைடா இது! இதுவா ஒனக்கு வேணும்?"

சத்தம் கேட்டுக் கமலவேணி வாசலுக்கு வந்தாள். மீதிக் குத்தையும் பொன்னையா முள்ளாலேயே குத்தி முடித்தான்.

சாயங்காலம் தம்பிராஜாவையும் தள்ளிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது பொன்னையா மூக்கு ஒழுக, கைகால் முறுக்க, பாயில் சுருண்டு கிடந்தான். காசுக்கு மார்ஃபின் ஊசி போடுகிறவன் கொட்டகைக்குப் பொன்னையா அன்று போகவில்லை.

"இன்னிக்குப் போகல. நாளைக்குப் போவேனான்னு கேக்காத!" என்று கமலவேணியிடம் எரிந்து விழுந்தான்.