அப்பாவின் முகத்துக்குக் கீழே

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். "அம்மா, வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்த நம்ம தேயிலைத் தோட்டத்து ஆளுங்களப் பத்திப் படம் எடுக்கிறோம். உங்க வீட்டுல யாராச்சும் இருந்தாங்களா?"

எனக்குச் சந்தேகம். சண்டைக் காலத்தில் ராணுவம் சோதனைக்கு வந்து, தமிழ் வீட்டில் பட்டாள உடுப்புப் போட்டோ கிடைத்தால் என்னென்ன கேள்வி வரும் என்று பார்த்தவள் நான். அப்பாவின் போட்டோ அலுமாரியில் சேலைக்கு அடியில்தான் கிடந்தது.

"அப்பிடி யாரும் இல்லீங்க தம்பி" என்று பொய் சொன்னேன். தேத்தண்ணி கொடுத்தேன். சந்தேகம் என்றாலும் வந்தவரைச் சும்மா அனுப்பலாமா?

பிறகு கண்டியில் ஒரு மண்டபத்தில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். மகளோடு போனேன். கடைசியில் ஒரு பழைய போட்டோ வந்தது. இரண்டாவது வரிசையில் என் அப்பா! ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் எழுத்து இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, மகளைக் கேட்டேன்.

"தாத்தா முகத்துக்குக் கீழ 'பேர் தெரியாது'ன்னு போட்டிருக்கும்மா."

அங்கே எழுதியிருந்தது என் பொய். எழுந்து கத்தினேன்: "அது எங்கப்பா! வீரமுத்து!"

அன்று வீட்டுக்கு வந்தவர் ஓடி வந்தார். "அன்னைக்கு இல்லேன்னீங்களே அம்மா?"

"அன்னைக்கு நீங்க யாருன்னு எனக்குத் தெரியுமா தம்பி? இப்ப எழுதுங்க."

ஒரு காகிதத்தில் எழுதினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தை வாங்கி மகளிடம் கொடுத்து, ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.