யார் முந்தி என்று சொல்லும் பெட்டி

என் மனைவி தினேஸ்வரி மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிறாள். வீட்டில் என்னையும் அப்படித்தான் சோதிப்பாள், அது தனிக் கதை.

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் தீபாவளி முடிந்த வாரம் புதிர்ப்போட்டி நடக்கும். முதலில் கை தூக்கியவர் பதில் சொல்லலாம். போன வருடம் யார் கை முந்தியது என்று வாய்ச்சண்டை முற்றி, ஆயர் தாவார் ஊர்க் குழுவின் கார்த்திகேசு பாதியில் எழுந்து போய்விட்டார். மறுபடியும் சண்டை வந்தால் போட்டியையே நிறுத்திவிடுவதாகத் மண்டபத் தலைவர் இராமசாமி சொல்லிவிட்டார்.

"நான் ஒரு பெட்டி செஞ்சு தாரேண்ணே. யார் முந்தினு அது சொல்லும்," என்றாள் தினேஸ்வரி.

சேதி கேட்ட கார்த்திகேசு போனில் சிரித்தார். "உள்ள கம்ப்யூட்டர வெச்சு, புருஷனுக்குத் தோதா எழுதிட்டா நாங்க எங்க போறதுலா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் குழுவில் பொத்தானை அமுக்கப் போவது நான்தான். அதனால் புரோகிராம் எழுதும் எதையும் அவள் தொடவில்லை. புரோகிராம் ஏற்றவே முடியாத பழைய டிடிஎல் சில்லுகளாகத் தேடி வாங்கினாள். எந்தப் பொத்தான் முதலில் அமுங்கியது என்பதை ஒரு சில்லு பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததுமே அந்தப் பொத்தானுக்குரிய விளக்கு எரியும், இன்னொரு சில்லு மற்றப் பொத்தானின் வழியை அடைத்துவிடும். அவ்வளவுதான் வேலை. எல்லாவற்றையும் சிவப்பு மூடி போட்ட, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் முறுக்கு டப்பாவுக்குள் பொருத்தினாள். வயர் போகும் வழி வெளியிலிருந்தே தெரியும்.

"இதுல எழுதுறதுக்கு ஒண்ணுமில்ல. வயர் போற வழிதான் சட்டம்," என்றாள்.

இறுதிச் சுற்றில் எங்களுக்கும் ஆயர் தாவாருக்கும் சமப் புள்ளி. கடைசிக் கேள்விக்கு நான் அடித்த அடியில் பொத்தான் உடைந்திருக்க வேண்டும். ஆனால் எரிந்தது கார்த்திகேசுவின் விளக்கு.

மண்டபம் கொதித்தது. "நான்தான் முந்தி, பெட்டி கோளாறு," என்று நானும் கத்தினேன். இராமசாமி அவளிடம் குனிந்து, "இன்னொரு கேள்வி கேட்டுறலாம்லா, வீட்டுக்காரர் பாவம்," என்றார்.

பெட்டி ஒரு பக்கம் சாயவில்லை என்று காட்ட, அவள் இரண்டு பொத்தான்களின் வயரையும் இடம் மாற்றிச் செருகினாள். "நீங்களே அமுக்கிப் பாருங்கண்ணே. பிந்தின விளக்கு எரிஞ்சாலோ, ரெண்டும் சேர்ந்து எரிஞ்சாலோ இத இங்கயே உடைச்சுப் போட்டுறேன்."

இராமசாமி இடது கையால் முந்தினார், வலது கையால் முந்தினார். விளக்கும் அதே மாதிரி மாறி மாறி எரிந்தது. ஏமாற்றப் பார்த்து இரண்டையும் ஒன்றாக அமுக்கினார். அப்போதும் ஒரே விளக்குதான்.

"நமக்கு ஒண்ணா தெரியிறது இதுக்கு ஒண்ணா தெரியாதுண்ணே," என்றாள். "இவரு பிந்திட்டாரு."

இவர் என்றது என்னை. அத்தனை பேர் முன்னால், அதுவும் மைக்கில்.

கார்த்திகேசு சரியான பதிலைச் சொல்லி, கோப்பையை வாங்கிக்கொண்டு சபையைப் பார்த்தார். "அடுத்த வருசம் எங்க ஊருல நடத்துறோம். தங்கச்சிதான் நடுவர். எதிர்ல அவங்க புருஷனே நின்னாலும் சரி, நாங்க விளையாடுவோம்." மண்டபமே அவளுக்குக் கைதட்டியது.

கோப்பை போன எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தக் கைதட்டலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது ஆயர் தாவார் பக்கம் போனால் என்னைத் தினேஸ்வரியின் புருஷன் என்றுதான் சொல்கிறார்கள். பவித்ரன் என்று எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது. யாரையும் நான் திருத்துவதில்லை.