அடுக்களைக்கும் பின்னறைக்கும் நடுவே

மாமாவுக்குப் பாடம் நடத்தத் தெரியாது. அதை அவரே முதல் நாளில் தன் அக்காவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"நானே தட்டுத்தடுமாறித்தான் தேறினவன். என்னை நம்பியா புள்ளைங்கள விடப்போற?"

"புத்தகத்த நான் சாயங்காலம் வந்து பாத்துக்கறேன்டா. பகல்ல கையால செஞ்சு கத்துக்கறது மட்டும் உன்னோடது. எதையாவது செய்யச் சொல்லு, கூட இரு. அவ்வளவுதான்."

'எதையாவது' என்றால் எதை என்று கேட்பதற்குள் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை அவளுக்கு. அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலையாக இருந்தார். மாமா அதுவரை ஒரு சரக்குக் கிடங்கில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். ஒரு நாள் பெட்டி அடுக்கு சரிந்து முதுகில் விழுந்ததில், ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். படுத்தால் வலி, நின்றால் வலி என்று அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவருக்குத்தான் இந்த உத்தியோகம்.

குழந்தைகள் இரண்டு பேரும் பெண்கள். மூத்தவள் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவாள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இளையவள் கட்டிலடி, அலமாரி இடுக்கு என்று எங்கே வேண்டுமானாலும் நுழைந்துகொள்வாள். அவள் எலி. எலிக்குப் பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளவில்லை. வாசலைப் பார்த்ததும் வாந்தி எடுத்துவிடுவாள். வேறு வழியில்லாமல் அவளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது என்று அக்கா முடிவெடுத்தபோது, "அவளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று வாதாடி மூத்தவளும் நின்றுகொண்டாள்.

முதல் வாரம் மாமா ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்தார். எது மிதக்கும், எது மூழ்கும்? அது தனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தார். கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்று அடித்துச் சொன்னார். எலி ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டாள். மிதந்தது. பிறகு அதையே எடுத்துத் தோலை உரித்துப் போட்டாள். நேரே அடிக்குப் போய்விட்டது.

"மாமா, தோல எடுத்தா கனம் கொறையணும்ல?" என்றாள் வக்கீல்.

"ஆமா."

"கொறைஞ்சது எப்படி மூழ்கும்?"

மாமா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அதைப் பிட்டு மூவருமாகத் தின்றார்கள். தோலுக்குள் காற்று அடைந்திருக்கிறது என்று சாயங்காலம் அக்கா விளக்கினாள். குழந்தைகளுக்குப் புரிந்தது. மாமா தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். காற்று எப்படி ஒரு பழத்தைத் தூக்கிப் பிடிக்கும் என்பது அவருக்கு மட்டும் பிடிபடவே இல்லை. வேலைக்கு லாயக்கில்லாத முதுகு, பாடத்துக்கு லாயக்கில்லாத தலை. தான் இந்த வீட்டில் எதற்காக இருக்கிறோம் என்ற குழப்பம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

வீட்டை அளந்து அட்டையில் அதேபோல் சின்னதாகச் செய்யலாம் என்பது அக்காவின் யோசனை. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. மாமாவுக்கு உற்சாகம் வந்தது. பெட்டிகளைச் சந்து விடாமல் அடுக்குவது அவருக்குக் கைவந்த கலை. வக்கீல் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள், எலி மறு முனையோடு மூலைக்குள் புகுந்தாள். கூடம், முன்னறை, நடை, அடுக்களை, பின்னறை என்று ஒவ்வொன்றையும் உள்ளே அளந்து தனித்தனி அட்டைப் பெட்டியாகச் செய்தார்கள். அடுத்து வெளியே போய், பக்கத்துச் சந்தில் நின்று வீட்டின் மொத்த நீளத்தை அளந்து, எல்லா அறைகளும் உட்காரும்படி ஒரு பெரிய பெட்டி செய்தார்கள்.

அறைகளை அதற்குள் அடுக்கியபோது இடம் மிஞ்சியது. அடுக்களைக்கும் பின்னறைக்கும் நடுவே மாமாவின் கை தாராளமாக நுழைந்தது.

"சுவர் கனமா இருக்கும்" என்றார் மாமா.

"மூணடிக்கா?" என்றாள் வக்கீல்.

தப்பு தன்னுடையதுதான் என்று மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. மறுபடி அளந்தார்கள். மறுபடி வெட்டினார்கள். மறுபடியும் அதே இடைவெளி. டேப் கெட்டுப்போயிருக்கும் என்று இன்னொன்றை இரவல் வாங்கி அளந்தார். அதுவும் அதையே சொன்னது. நடையில் நின்று அடுக்களைக் கதவையும் பின்னறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை மாதம் அந்த நடையில் நடந்திருக்கிறார். அங்கே சுவர் கொஞ்சம் நீளமாக இருப்பது ஒருநாளும் கண்ணில் படவில்லை. எலி சுவரில் காதை வைத்துத் தட்டினாள்.

"மாமா, உள்ள யாருமே இல்லாத மாதிரி சத்தம் கேக்குது."

மாமாவும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் இரண்டு தெரு தள்ளி இருந்தார். வாடகை வீட்டில் ஆணி அடித்தாலே அனுமதி கேட்கவேண்டும் என்பவர்.

"என்ன, சுவர இடிக்கப் போறீங்களா?" என்று கேட்டபடியே வந்து சேர்ந்தார்.

"இல்லீங்க, பொட்டி செஞ்சோம்" என்றார் மாமா.

அட்டை வீட்டைப் பார்த்தார் அந்த அம்மாள். "நான் பொறந்து வளந்த வீடு இது. இங்க ஒண்ணும் கெடையாது. நீங்க சரியா அளக்கல." டேப்பை வாங்கித் தானே அளந்தார். வெளியே போய் அளந்தார், உள்ளே வந்து அளந்தார். அதன்பின் அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "என்ன இது?" என்று மாமாவையே கேட்டார், மாமாவுக்கு ஏதோ தெரியும் என்பதுபோல.

அங்கிருந்தே தன் அண்ணனுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"அது மாடிப்படி" என்றார் அண்ணன் சாதாரணமாக. "மாடிக்கு வெளிய படி கட்டினதும் அப்பா அத அடைச்சிட்டாரு."

"எனக்கு எப்படி ஞாபகமில்ல?"

"நீ ரொம்பச் சின்னப் புள்ள. அதுல உருண்டு விழுந்து மூணு நாள் கண்ணே தொறக்கல. அதுக்கப்புறம் அம்மாவால அந்தப் படியப் பாக்கவே முடியல. அதான் அடைச்சாரு."

அந்த அம்மாளின் புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு உண்டு. விரல் தானாக அங்கே போனது. "ஊஞ்சல்லேருந்து விழுந்தேன்னுதான சொன்னீங்க?"

"அம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னா."

போனை வைத்த பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதா, ஆறுதல் சொல்வதா? மாமா இரண்டும் செய்யாமல் டீ போட்டார். அவசரத்தில் சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டார். அந்த அம்மாள் அதை மறுபேச்சில்லாமல் குடித்து முடித்து, "கொத்தனாரக் கூப்பிடுங்க" என்றார்.

மறுநாள் மத்தியானத்துக்குள் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வழி வைத்தாயிற்று. தூசி அடங்கியதும் மாமா டார்ச் அடித்தார். கல்படிகள் மேலே ஏறின, கூரைத்தளத்தில் முட்டி நின்றன. எங்கும் போகாத படிகள். ஓட்டையைக் கண்ட எலி பாய்ந்தாள், மாமா அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரும்மா, முதல்ல அவங்க பாக்கட்டும்."

வீட்டுக்காரம்மா உள்ளே போய்க் கீழ்ப்படியில் கை வைத்தார். கையை எடுத்தார். மறுபடி வைத்தார். "எனக்கு எதுவுமே தோணலியே" என்றார். "அழணுமா, கோவப்படணுமான்னு தெரியல."

"ஆன்ட்டி, எந்தப் படியிலேருந்து விழுந்தீங்க?" என்று கேட்டாள் வக்கீல். மாமா பதறிப்போனார். ஆனால் அந்த அம்மாள் கோபப்படவில்லை. "தெரியலியேடி" என்றவர், மெல்ல அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். எலி நழுவிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எலியின் முட்டியில் இருந்த தழும்பும் அம்மாளின் புருவத் தழும்பும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன.

அக்கா வேலை முடிந்து வந்தபோது வீடு முழுக்க வெள்ளைத் தூசி. சுவருக்குள்ளிருந்து வீட்டுக்காரம்மாவின் சிரிப்புச் சத்தம்.

"என்னடா இது?"

"பொட்டி செஞ்சோம்க்கா."

"பொட்டி செஞ்சா சுவர்ல எப்படிடா ஓட்டை விழும்?"

மாமா நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொன்னார். பாதியில் அவருக்கே எது முதலில் நடந்தது என்று குழம்பிப்போய், வக்கீல்தான் கோர்வையாகச் சொல்லி முடித்தாள். கேட்டுவிட்டு அக்கா தம்பியின் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தவருக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கவில்லை.

சுவரை மறுபடி மூட வீட்டுக்காரம்மா சம்மதிக்கவில்லை. நிலை வைத்து விளக்குப் போட்டுக் கொடுத்தார். அவர் அண்ணன் ஒரு நாள் ஊரிலிருந்து வந்தார். இருவரும் படியில் வெகுநேரம் உட்கார்ந்து ஏதோ சண்டை போட்டார்கள். போகும்போது சேர்ந்தே போனார்கள். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது அந்த அம்மாள் வந்துவிடுவார். வரும்போது அளப்பதற்கென்று எதையாவது கொண்டுவருவார். தொப்பி, பூசணிக்காய், பக்கத்து வீட்டு நாய்.

மாமாவின் முதுகு தேறிவிட்டது. கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் போனை வைத்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போகாதே என்று அக்கா சொல்வாள் என எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. "உனக்கு என்ன தோணுதோ செய்டா" என்றாள். அதுதான் அவருக்குத் தெரியவில்லை.

குழந்தைகளைக் கேட்டார். "மத்தியானத்துக்கு மேல வர்றேன்னு கேளுங்க மாமா. தரமாட்டேன்னா நான் பேசறேன்" என்றாள் வக்கீல்.

கேட்டார். கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் ஏதாவது வில்லங்கம் இருக்குமோ என்று ஒரு வாரம் யோசித்தார். இப்போது காலையில் வீட்டில் பிள்ளைகளோடு ஏதாவது வெட்டி ஒட்டுகிறார், மத்தியானத்துக்கு மேல் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எலி அவருக்காக அட்டையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் செய்துகொண்டிருக்கிறாள். வண்டியின் கை மேலே எழும்பும் இடத்தில் நூல் எப்படிப் போகவேண்டும் என்று மூவரும் தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும் அதை ஓட்டுகிறவருக்கும் அது இன்னும் பிடிபடவில்லை.