பூஜையில் வைத்த இரண்டு சர்வர்கள்

ஆயுத பூஜை வந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. பூஜை மேல் கோபமில்லை. எங்கள் மேனேஜர் மேல்தான். அவரைவிட அதிகமாக என் மேல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிராயிங்குகள் எல்லாம் மூன்று சர்வர்களிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் பின்னணியில் ஒரு காவல் புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். அது இருப்பதே யாருக்கும் தெரியாது. மூன்றும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் ஃபைல் திறக்கும். ஒன்று படுத்தால் பாதகமில்லை. இரண்டு படுத்துவிட்டால், மிச்சமிருக்கும் ஒன்று தன்னிடம் இருப்பது சரிதானா என்று தெரியாமல் எதையும் தராது.

எனக்குத் துணையாக சேக்காட்டிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மூன்று வருடமாக கான்ட்ராக்ட். அடுத்த மாதம் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பிப் பிள்ளைகள் இருவரையும் நல்ல பள்ளிக்கு மாற்றியிருந்தார்.

மேனேஜர் லேத் ஷெட்டிலிருந்து மேலே வந்தவர். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்பது ஷெட் வழக்கம். அந்த வருடம் பூஜையன்றைக்கே ஒரு வெளிநாட்டு ஆர்டருக்கு டிராயிங் அனுப்ப வேண்டியிருந்தது. லேத்துக்குச் செய்வதையே சர்வருக்கும் செய்யப் பார்த்தார்.

“மூணுலயும் ஒரே படம்தானே கீது? ரெண்டை நிறுத்தி பூஜைல வை. ஒண்ணு வேலை பாக்கட்டும்.”

நான் லீவில் பருத்திப்பட்டில் வீட்டில் இருந்தேன். அந்தப் பெண் எனக்குப் போன் செய்தார்.

“அண்ணே, சார் ரெண்டை நிறுத்த சொல்றாரு. மூணாவதும் நின்னுடும்னேன், காதுல வாங்க மாட்றாரு. இன்னா பண்ணட்டும்?”

என் மடியில் பொரித் தட்டு இருந்தது. “அவரு சொல்றத செஞ்சுட்டுப் போம்மா. அப்பால பாத்துக்கலாம்” என்றேன்.

நிறுத்தினார். அதன்பின் ஒரு டிராயிங்கும் திறக்கவில்லை. திரும்ப ஆன் செய்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். சந்தனம் குங்குமம் வைத்ததைக் காலைவரை தொடாதே என்று மேனேஜர் அதட்டியிருக்கிறார். மறுநாள் நான் போய் இரண்டையும் ஆன் செய்தேன். பத்தே நிமிடத்தில் எல்லாம் சரியானது. ஒரு கோடுகூட அழியவில்லை. ஆர்டர்தான் கைநழுவிப் போயிருந்தது.

விசாரணையில் அந்த மனிதர் கூசாமல் சொன்னார். “நான் தொடைச்சு பொட்டு வைக்கத்தான் சொன்னேன் சார். நிறுத்த சொல்லல.”

டைரக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தார். போன் வந்ததைச் சொன்னால் என் தலையும் உருளும்.

“நான் லீவுல இருந்தேன் சார்” என்றேன்.

அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சாயங்காலம் சர்வர் ரூம் சாவியையும் அடையாள அட்டையையும் நான்தான் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. “வரேன் அண்ணே” என்று மட்டும் சொன்னார்.

தனியாக நின்ற அந்த மூன்றாவது சர்வர், எது உண்மை என்று தெரியாததால் வாயை மூடிக்கொண்டது. எனக்குத் தெரியும்.